ஸ்டார்ட்டரின் போல்ட்டும் என் கால்சட்டைப் பையும்

பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு நான் இதுவரை சொல்லாமல் விட்ட பாவம் ஒன்றே ஒன்றுதான். சந்தேகப்படுவது. அதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்றால், சாமியார் வெளியே போய் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஐஸ் கட்டி வாங்கி வரும் வழியில் அது கரைந்து சிறுத்துப்போனால், பின்னால் வந்தவன் கடித்துவிட்டானோ என்று திரும்பிப் பார்க்கிற ஆள் நான். இந்தக் குணத்துக்காகப் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் என்னைக் கேலி செய்தவர்கள் பலர். பிறகு ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்தான். யார் யாரைக் காட்டிக்கொடுப்பான் என்று தெரியாமல் ஊரே ஊரைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. எல்லோரும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பாடத்தில் நான் ஏற்கெனவே தேறியிருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் கப்பல் ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் ஓடிப்போனதும், ஜப்பான் ராணுவத்தின் வாகனப் பிரிவில் கார், லாரி என்று அங்கிருந்த காடிகளின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதும் வேலை கிடைத்தது. காடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அந்த நம்பர் மட்டும்தான்.

எங்கள் பிரிவின் அதிகாரி குள்ளமானவர். எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். இங்கிலீஷில் அவருக்கு நாற்பது ஐம்பது சொற்கள் தெரியும். அதில் பாதியைக் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே சொல்லிவிடுவார். ஓடிப்போன ஒரு தோட்டத் துரையின் கறுப்புக் காடியைத் தனக்கென்று வைத்திருந்தார். ஒரு நாள் காலை அதன் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால், உள்ளே 'கிர்ர்ர்' என்று ஏதோ சுற்றியதே தவிர எஞ்சின் அசையவில்லை. டிரைவர் இறங்கி, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். கைப்பிடி திருப்பி உதைத்ததில் அவர் மணிக்கட்டு முறிந்தது.

மூன்று நாளில் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி படகுத்துறைக்கு வருகிறார், அவர் கண்ணெதிரில் ஒருவன் குனிந்து மாவரைப்பதுபோல் காடியைச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் அதிகாரியின் எண்ணம். "ஹேண்டில் நோ. பட்டன்" என்றார். கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

காடி டத்தோ கிராமாட் சாலையில் இருந்த அந்தோணி அண்ணனின் பட்டறைக்குப் போனது. சாமான் எதுவும் திருட்டுப்போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். சந்தேகப்படுவதையே ஒருவனுக்கு உத்தியோகமாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? நோட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் போனேன். அந்தக் காலத்தில் பட்டறைக்குள் போகும் நல்ல சாமான் வெளியே வரும்போது சொத்தையாக வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்தோணி அண்ணன் அகலமான தோளும் தணிந்த குரலும் உள்ளவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவருடைய ஆட்கள் எல்லோரையும் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டதால், அவர் தங்கை லூர்துதான் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். முழங்கை வரை மண்ணெண்ணெய்.

"வாங்க கிராணியாரே. பசியாறியாச்சா?" என்றார் அண்ணன்.

(எதைச் சாப்பிட்டுப் பசியாறுவது? மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.) இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் பசியாறினால் இவருக்கு என்ன? எப்போது சாப்பிட வெளியே போவேன் என்று தெரிந்துகொள்ளத்தானே கேட்கிறார்? நோட்டைத் திறந்து, 'வந்ததும் சாப்பாடு பற்றி விசாரித்தார்' என்று எழுதினேன். லூர்து என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள்.

அண்ணன் காடிக்கு அடியில் நுழைந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். பெரிய பால் டின் அளவுக்கு ஓர் இரும்பு உருளை. அதன் ஒரு முனையில் நீட்டிக்கொண்டிருந்த அச்சில் திருகாணிக்கு இருப்பதுபோல் புரி, புரியின் மேல் ஒரு சின்னப் பல்சக்கரம், அதை ஒட்டி ஒரு தடித்த ஸ்பிரிங். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பினார். நான் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். மொத்தம் பதினான்கு.

"ஒவ்வொரு சாமானுக்கும் பேர் சொல்லுங்கண்ணே, எழுதணும்."

"பேர எழுதறதுக்கு முன்னாடி வேலையத் தெரிஞ்சுக்குங்க லா. பொத்தான அழுத்துனா பேட்டரியிலேருந்து கரண்டு வந்து இந்த மோட்டாரு சுத்தும். எஞ்சின் பக்கத்துல ஒரு பெரிய சக்கரம் இருக்கு, சுத்தி வர பல்லு. இந்தச் சின்னச் சக்கரம் முன்னால போயி அந்தப் பல்லக் கடிச்சி அதச் சுத்தணும். அப்பத்தான் எஞ்சின் எந்திரிக்கும்."

"சின்னச் சக்கரத்த முன்னால தள்றது யாரு?"

"யாரும் தள்ளல. அது சோம்பேறி. அச்சு திடீர்னு வேகமாச் சுத்தறப்ப, இது கூடச் சுத்தாம இருந்த எடத்துலயே இருக்கப் பாக்குது. நட்டச் சுத்த விடாம புடிச்சிகிட்டு போல்ட்டச் சுத்துனா நட்டு என்னா செய்யும்? புரியிலயே முன்னால நகரும்ல? அதேதான். நகந்து போயி கடிச்சிக்கும்."

"கடிச்சது அப்புறம் எப்படி விடும்?"

"எஞ்சின் எந்திரிச்சதும் பெரிய சக்கரம் மோட்டார விட வேகமா ஓடும். அந்த வேகம் சின்னத அதே புரி வழியா பின்னால ஒதச்சி அனுப்பிடும். வேல முடிஞ்சிச்சி, வீட்டுக்குப் போன்னு."

வெள்ளைக்காரன் கப்பல் ஆபீஸ் என்னை அனுப்பியதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் இந்த இடம் எனக்கு உடனே விளங்கியது. கோளாறு என்னவென்றால், முன்பு எவனோ புரியில் கிரீசைத் தடவியிருக்கிறான். தூசி ஒட்டிக் காய்ந்து, சின்னச் சக்கரம் நகர முடியாமல் பின்னாலேயே நின்றுவிட்டது. மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் போதும், கிரீஸ் போடவே கூடாது என்றார் அண்ணன். நான் எழுதினேன்: 'கிரீஸ் போட மறுக்கிறார். மிச்சம் பிடித்து என்ன செய்வார்?'

கடைசியாகச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டினார். "இதான் பத்திரம். மோட்டாரோட சுத்து இந்த ஸ்பிரிங் வழியாத்தான் சின்னச் சக்கரத்துக்குப் போவுது. கடிக்கிற அடி பலமா இருக்கும், அதத் தாங்கறதுக்கு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்க அச்சோட புடிச்சிருக்கறது இந்த ஒத்தப் போல்ட்டு. இது இல்லன்னா மோட்டாரு தனியாக் கத்திகிட்டு கெடக்கும். இந்தச் சைசு இப்ப பினாங்கு பூரா தேடுனாலும் கெடைக்காது."

என் மூளை விழித்துக்கொண்டது.

கப்பல் ஆபீசில் எங்கள் தலைமைக் கிராணி ஒரு வித்தை வைத்திருந்தார். எந்தக் கோப்பு மேசைக்கு வந்தாலும் அதிலிருந்து ஒரே ஒரு தாளை உருவித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். கோப்பு எந்த மேசைக்குப் போனாலும் அந்தத் தாள் இல்லாமல் நகராது, கடைசியில் அவரிடமே திரும்பி வரும். பினாங்கில் நல்ல கிராணி என்று பேர் எடுத்த அத்தனை பேருக்கும் இது கைவந்த கலை. ஸ்டார்ட்டரும் ஒரு கோப்புதானே என்று எனக்குப் பட்டது. மத்தியானம் அண்ணன் குழாயடியில் கை கழுவப் போனார். லூர்து முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போல்ட்டை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டேன். நான் சாப்பிட்டுத் திரும்பும்வரை இனி எவனும் இதை மாட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சைக்கிளில் புலாவ் திக்குசுக்கு வந்தேன். (டயர் கிடைக்காமல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் தூக்கிப்போடும்.) நான் குடியிருந்தது பிலோமினா அக்கா வீட்டில். வாசலிலேயே அக்கா என் கால்சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டது.

"டேய் சூசை! ஆபீசுக்குப் போட இருக்கறதே இது ஒண்ணுதான். கழட்டுடா!"

கழற்றினேன். அத்தானின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கிழங்கைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

பட்டறையில் அண்ணன் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "போல்ட்டக் காணோமே!" நான் ஒரு பெரிய மனுஷன் சிரிப்புடன் பைக்குள் கையை விட்டேன். அத்தானின் பையில் ஓர் ஓட்டைதான் இருந்தது.

'வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் அதிகாரி வந்து இறங்கினார். சாக்கையும் அண்ணன் முகத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யூ. கவுண்ட்?"

நோட்டை நீட்டினேன். "காலையில் பதினான்கு, சார்."

"நௌ?"

"பதின்மூன்று, சார்."

இரண்டுமே உண்மை. அதுதான் கேவலம். பொய் சொல்லாமலே ஒரு மனிதனைக் கொண்டுபோய்க் கழுமரத்தடியில் நிறுத்திவிட்டேன். அதிகாரி மெதுவாக அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். "டுமாரோ நைன். காடி, பட்டன்." என்னிடம், "யூ, ரிப்போர்ட். ஹூ டேக்." கையுறையைக் கழற்றினார். இந்தத் தடவை மாட்டாமலே போனார். திருடன் என்று பேர் வாங்கி ராணுவப் போலீசிடம் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதைப் பினாங்கில் எல்லோரும் பார்த்திருந்தோம். திரும்பாதவர்களும் உண்டு.

போல்ட்டைக் கையில் கொடுத்துவிட்டே அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் பறந்தேன். கால்சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. பையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, இந்தப் பையில ஒரு சின்ன இரும்புச் சாமான் இருந்துச்சா?"

"என்னா இரும்பு?"

"சும்மா. ஒரு இரும்பு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. "நான் ஒண்ணும் பாக்கல."

கிணற்றடியில் தேடினேன். சாக்கடையில் குச்சியை விட்டுத் துழாவினேன். கோழியின் வயிற்றைக்கூட அழுத்திப் பார்த்தேன். இருட்டும்வரை தேடியும், எதற்குத் தேடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து வீட்டில் சொல்லிவிடும் என்று சந்தேகம்.

விடிந்ததும் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். 'எடுத்தவர்' என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தோணி அண்ணன் கடைசி வரிசையில் தலைகுனிந்து முழங்காலிட்டிருக்கும் கோலம் கண்ணில் நின்றது. கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் போய் நின்று, விக்கி விக்கி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டது. "இத நேத்தே சொல்லித் தொலைச்சா என்னாடா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னை இழுத்தது. கிறிஸ்துமசுக்கு என்று எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த இரண்டு படி அரிசி. டின்னின் கொண்டியில் பூட்டுக்குப் பதிலாக, மேலே துணியால் இறுக்கிச் சுற்றி, என் போல்ட்டு.

"இரும்பு இரும்புன்னு தேடுனியா, அரிசிய மோப்பம் புடிச்சிட்டியோன்னு நெனச்சேன்."

என்னை என் அக்காவே சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் ரத்தம் அப்படி.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. (ஜப்பான்காரன் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தான். அவனுடைய எட்டரை நமக்கு ஏழு.) அந்தோணி அண்ணன் குளித்து, சுத்தமான சட்டை போட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுக் கைலி ஒன்றும் ஜெபமாலையும் இருந்தன. தன்னைக் கொண்டுபோவார்கள் என்று தயாராக இருந்திருக்கிறார். அந்தப் பையைப் பார்த்ததும் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. இன்று நினைத்தாலும் அப்படித்தான்.

போல்ட்டை நீட்டினேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் லூர்து. "நீங்க எடுத்துப் பையில போட்டத காடி வெளக்குக் கண்ணாடியில பாத்தேன்."

"பாத்தப்பவே ஏன் சொல்லல?"

"வந்ததுலேருந்து எழுதிகிட்டே இருந்தீங்க. காட்டிக்குடுக்கற ஆளு, அண்ணன மாட்டி வைக்கத்தான் எடுக்கறீங்கன்னு நெனச்சேன். சொன்னா என் பேரையும் எழுதுவீங்கல்ல?"

என் வாழ்நாளில் என்னை ஒருவர் அவ்வளவு சரியாகச் சந்தேகப்பட்டதில்லை. காட்டிக்கொடுக்கிறவன் செய்வதற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது ஒரு ரேஷன் மூட்டை கிடைக்கும்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு குனிந்துவிட்டார். லூர்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்து முடுக்கி, காடிக்கு அடியில் நுழைந்து ஸ்டார்ட்டரை மாட்டினார். பேட்டரி வயரை இணைத்ததும், "அழுத்துங்க கிராணியாரே" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அழுத்தினேன். 'டக்' என்று சோம்பேறிச் சக்கரம் போய்க் கடித்தது கேட்டது. 'உர் உர்' என்று பெரிய சக்கரம் திரும்பியது. எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. சின்னது உதை வாங்கித் தன் இடத்துக்கு ஓடியதும் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. கோயில் பாடகர் குழுவில் இருக்கிற என் மனைவி இதைப் படிக்கக் கூடாது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். பொத்தானை அவரே அழுத்தினார். எஞ்சின் ஓடியது. திரும்பினார். "போல்ட். வேர்?"

"கீழ கெடந்துச்சின்னு சொல்லிடுங்க, முடிஞ்சிரும்" என்று அண்ணன் மெல்ல முணுமுணுத்தார். அவ்வளவுக்குப் பிறகும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அதிகாரியின் கண் அவர் மேல்தான் இருந்தது. வெறும் கை மேலே எழுந்தது.

"மை பாக்கெட், சார்!" என்று கத்திவிட்டேன். ஆதாரமாக, இரண்டு பைகளையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக் காட்டினேன்.

"ஒய்?"

"சேஃப், சார்."

"ஃப்ரம் ஹூ?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அண்ணனைக் காட்டவா, லூர்துவைக் காட்டவா? கை தானாக மடங்கி என் நெஞ்சையே காட்டியது. விழுந்த அறையில் நாலு நிமிஷம் காதுக்குள் ஸ்டார்ட்டர் சுற்றியது. பிறகு அதிகாரி காடியின் பின்புறத்திலிருந்து கைப்பிடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பட்டன் நோ. யூ. டென் டேய்ஸ்."

பெரிய அதிகாரி வந்த அன்றைக்கு மட்டும் பொத்தான். மற்றபடி பத்து நாள் காலை, ஆபீஸ் வாசலில், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க, நல்லபடியாக வேலை செய்கிற ஸ்டார்ட்டரை உள்ளே வைத்துக்கொண்டு நான் குனிந்து மாவரைத்தேன். அதிகாரி உள்ளே உட்கார்ந்து, பொத்தானின் மேல் விரலை வைத்தபடி, அழுத்தாமல், என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் நாள் கூட்டத்தில் அந்தோணி அண்ணன் நின்றிருந்தார். சிரிக்க வந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். கிட்டே வந்து, "கட்டவெரல மடக்கிப் புடிக்காதீங்க லா. மத்த வெரலோட சேத்து வைங்க. ஒதச்சா கை வழுக்கி வந்துரும், மணிக்கட்டு தப்பிக்கும்" என்றார். பட்டறை வேலையைப் போட்டுவிட்டு அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். எஞ்சினைவிட அதுதான் என்னை அதிகமாக உதைத்தது. ஐந்தாம் நாள் லூர்து வந்தாள். அவள் சிரிக்கத்தான் வந்தாள்.

சண்டை முடிந்து, எனக்காக அக்கா லூர்துவைப் பெண் கேட்டுப் போனபோது அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தன்று கோயில் வாசலில், சாமியார் பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனர் என்ற உரிமையில் என் கோட்டுப் பைகளையெல்லாம் வெளியே இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் முதலில் தேடுகிற இடம் என் பைதான். இப்போது பாயான் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன வாரம் அவனுடைய காடிச் சாவியைக் காணோம். வேலைக்கு நேரமாகிறது என்று அவன் குதித்தான். "தாத்தா பாக்கெட்ட பாருங்க!" என்று பேரப்பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக ஒரு மனுஷனை இப்படியா சந்தேகப்படுவது என்று எழுந்து நின்று சத்தம் போட்டேன். மானத்தை நிரூபிக்க, அந்த அதிகாரிக்குக் காட்டியதுபோலவே இரண்டு பைகளையும் வெளியே இழுத்தேன்.

சாவி தரையில் விழுந்தது. லூர்துதான் வைத்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம்.